கேள்வி – பதில்: சுடப்பட்டவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தால்?

தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிகள் தாக்கப்படும்போதும் கொல்லப்படும்போதும் பொதுமக்கள் காட்டும் எதிர்வினை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒரே பொருள் கொண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயர்களையும் தவிர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்த அரசியல்வாதி ஒருவர் சுடப்பட்ட செய்தியைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி உள்ளுக்குள் திருப்திகூட எழுந்தது. இதை நண்பரிடம் சொன்னதற்கு, ‘நீயெல்லாம் மனிதனா?’ என்று கேட்டுவிட்டார். துக்கப்பட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறதா?

பதில்: இல்லை. மனத்தில் என்ன எழ வேண்டும் என்று யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஒருவருடைய கொள்கையால் தன் குடும்பம் பாதிக்கப்பட்டது என்று நம்புகிறவரிடம் போய், அவருக்காகக் கண்ணீர் விடு என்று சொல்வது அநாகரிகம். உங்கள் நண்பர் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். நீங்கள் அந்த உணர்ச்சியை அவரிடம் மட்டும் ஒரு குழப்பமாகச் சொன்னீர்கள். ஊருக்கெல்லாம் அறிவித்துக் கொண்டாடவில்லை.

ஆனால் அந்தத் திருப்தி எதைப் பற்றியது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். மக்கள் பிரதிநிதி ஒருவரைக் கொல்பவன், அவருக்கு வாக்களித்தவர்களின் வாக்குகளை மட்டும் செல்லாததாக்கவில்லை. அவரை எதிர்த்து வாக்களித்த உங்கள் வாக்கையும் சேர்த்தே செல்லாததாக்குகிறான். அவரை மேடையில் மறுத்துப் பேசுவதும், அடுத்த தேர்தலில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்புவதும் உங்களுக்கு இருந்த உரிமைகள். உங்களைக் கேட்காமல், உங்கள் சார்பாக என்று சொல்லிக்கொண்டு, எவனோ ஒருவன் அந்த உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அதற்கு நீங்கள் ஏன் நன்றியுடையவராக இருக்க வேண்டும்?

உணர்ச்சிக்கும் பகிரங்கப் பேச்சுக்கும் உள்ள தூரத்தைப் பதவியில் இருப்பவர்களே மறந்துவிடுகிறார்கள். 2025 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநில அவையின் முன்னாள் சபாநாயகரும் அப்போதைய உறுப்பினருமான மெலிசா ஹோர்ட்மனும் அவருடைய கணவரும் தங்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே இரவில் மாநிலச் செனட்டர் ஒருவரும் அவருடைய மனைவியும் படுகாயமடைந்தார்கள். அடுத்த நாளே யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றச் செனட்டர் மைக் லீ, அந்தக் கொலையைக் கிண்டல் தொனியில் எதிர்த்தரப்பின் தலையில் கட்டும் பதிவுகளைத் தன் சமூக ஊடகக் கணக்கில் போட்டார். மினசோட்டாவின் செனட்டரும் ஹோர்ட்மனின் தோழியுமான டினா ஸ்மித், அவரை நாடாளுமன்றக் கட்டடத்தில் நேருக்கு நேர் நிறுத்தி, அந்தப் பதிவுகள் தங்களுக்கு எவ்வளவு வேதனை தந்தன என்று சொன்னார். பதிவுகள் பிறகு நீக்கப்பட்டன. திரையைப் பார்த்து எழுதுவது எளிது. இறந்தவரின் தோழி எதிரே வந்து நிற்கும்போது அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல எவருக்கும் வாய் வராது. உங்களுக்கும் அந்த ஒரு அளவுகோல் போதும் என்பேன். வருத்தம் வராவிட்டால் பேசாமல் இருக்கலாம், மௌனம் குற்றமாகாது.

கேள்வி: தாக்குதல் நடந்த அரை மணி நேரத்துக்குள் ‘இது நாடகம்’, ‘தானே ஏற்பாடு செய்துகொண்டது’ என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். இது ஏதோ ஒரு கட்சிக்காரர்களின் வழக்கமா?

பதில்: எந்தக் கட்சியின் தனிச்சொத்தும் அல்ல. இதைப் புரிந்துகொள்ள 2018இல் பிரேசிலில் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு மார்ச் 14 அன்று இரவு, ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோ, ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு காரில் திரும்பும்போது ஓட்டுநர் ஆண்டர்சன் கோமஸுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், இடதுசாரி, 2016 தேர்தலில் 46,502 வாக்குகள் பெற்று வென்றவர். இறுதிச் சடங்கு முடிந்த கையோடு, அவருக்குப் போதைக் கும்பலோடு தொடர்பு இருந்தது என்ற பொய் பரவியது. அதைப் பரப்பியவர்களில் நீதிபதி ஒருவரும் இருந்தார். அவர் நினைவாக நகர்மன்றத்தின் எதிரே ஆதரவாளர்கள் மாட்டியிருந்த தெருப் பெயர்ப்பலகையை வலதுசாரி வேட்பாளர்கள் இருவர் பெயர்த்தெடுத்தார்கள். உடைந்த அந்தப் பலகையைப் பிரசாரக் கூட்ட மேடையில் உயர்த்திக் காட்டிச் சிரித்தார்கள். இருவருமே தேர்தலில் வென்றார்கள். அதற்கு வந்த மறுமொழியும் குறிப்பிடத்தக்கது. மக்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அதே பலகையின் 1,000 பிரதிகளை அச்சிட்டு, அதே இடத்தில் கூடி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

இப்போது அதே ஆண்டு செப்டம்பர் 6. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட வலதுசாரி வேட்பாளர் ஜெயிர் பொல்சொனாரோ, ஜுயிஸ் டி ஃபோரா நகரில் தொண்டர்களின் தோளில் அமர்ந்து வரும்போது வயிற்றில் கத்தியால் குத்தப்பட்டார். குடல் கிழிந்து, உள்ளுக்குள் ரத்தம் பெருகி, உயிருக்குப் போராடினார். பிறகு பல அறுவை சிகிச்சைகள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் எதிர்முகாமில் ஒரு பகுதியினர் அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, சட்டையில் ரத்தமே இல்லையே, இது போலிக் குத்து என்றார்கள். மரியெலுக்காக மார்ச்சில் அழுதவர்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதே எனக்கு இதில் மிகவும் உறுத்துகிற விஷயம்.

காரணம் எளிமையானது. நமக்குப் பிடிக்காத ஒருவர் பாதிக்கப்பட்டவராக மாறும்போது, அவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரத்தில் அந்தக் காயம் பொருந்துவதில்லை. சித்திரத்தை மாற்றுவதைவிடக் காயத்தை மறுப்பது சுலபம். காயத்தை மறுக்க முடியாத இடத்தில், அவர் அதற்குத் தகுதியானவரே என்று காட்ட முயல்கிறோம். பொல்சொனாரோவுக்கு முதலாவது நடந்தது, மரியெலுக்கு இரண்டாவது. 2022 அக்டோபரில் அமெரிக்க மக்களவைத் தலைவர் நான்சி பெலோசியின் கணவர் வீட்டில் சுத்தியலால் தாக்கப்பட்டபோது இரண்டும் சேர்ந்தே நடந்தன. தாக்கியவன் அவருக்கு முன்பே தெரிந்தவன் என்று கதை கட்டினார்கள். அது பொய் என்பது வழக்கில் தெளிவாகி, அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் கதையைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் தீர்ப்பையும் பரப்பினார்கள்?

மரியெல் வழக்கில் 2024 மார்ச்சில், கொலைக்கு உத்தரவிட்டதாகக் கைது செய்யப்பட்டவர்களில் ஒருவர் அப்போது பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர். சுட்டவனுக்கு அதே ஆண்டு அக்டோபரில் 78 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கொலை நடந்து ஆறரை ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. வதந்திக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

கேள்வி: ஒரு தலைவரின் வெறுப்புப் பேச்சுதான் தாக்குதலுக்குக் காரணம் என்று சொன்னால், ‘பிணத்தை வைத்து அரசியல் செய்கிறாய்’ என்கிறார்கள். வெறுப்புப் பேச்சுக்குப் பொறுப்பே கிடையாதா?

பதில்: பொறுப்பு உண்டு. ஆனால் எந்தச் சம்பவத்துக்கு எந்தப் பேச்சு பொறுப்பு என்று முதல் நாளிலேயே சொல்ல முற்படும்போதுதான் வழுக்கி விழுகிறோம்.

2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், கடை வாசலில் வாக்காளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் தலையில் ஒருவன் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார்; 9 வயதுச் சிறுமியும் ஒரு நீதிபதியும் உட்பட 6 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, எதிர்த்தரப்புத் தலைவர் சாரா பேலினின் அமைப்பு, தோற்கடிக்க வேண்டிய தொகுதிகளைத் துப்பாக்கிக் குறி போன்ற அடையாளமிட்டுக் காட்டிய வரைபடம் ஒன்றை வெளியிட்டிருந்தது. கிஃபர்ட்ஸின் தொகுதியும் அதில் இருந்தது. அன்று மாலைக்குள் அந்த வரைபடம்தான் கொலைக்குக் காரணம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணையில் தெரியவந்தது வேறு. சுட்டவன் கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தான். வரைபடம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2007இல், ஒரு கூட்டத்தில் தான் கேட்ட புரியாத கேள்விக்குக் கிஃபர்ட்ஸ் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று மனத்தில் கறுவிக்கொண்டிருந்தான். அந்த வரைபடத்தை அவன் பார்த்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் 2017இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அந்தப் பழைய தொடர்பை மீண்டும் எழுதி, உடனடியாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பேலின் தொடுத்த அவதூறு வழக்கில் நடுவர் குழு இருமுறையும் பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது என்றாலும், தலையங்கம் தவறு என்பதை அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான வழக்கும் உண்டு. 2016 ஜூன் 16 அன்று பிரிட்டனின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸைக் கொன்றவன் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. நீதிமன்றத்தில் பெயரைக் கேட்டபோது, துரோகிகளுக்கு மரணம் என்ற பொருளில் ஒரு முழக்கத்தையே பெயராகச் சொன்னான். இங்கே ‘துரோகி’ என்று நாளும் பேசிப் பழக்கியவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்பதில் தவறில்லை.

ஆகவே, வெறுப்புப் பேச்சைக் கண்டிக்க ஒரு கொலை நடக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே என் பதில். எதிராளியைப் பூச்சி, புழு, துரோகி என்று ஒருவர் பேசும் அன்றைக்கே கண்டியுங்கள். உங்கள் கட்சிக்காரர் பேசினாலும் கண்டியுங்கள். கொலை நடந்த அன்று விசாரணையை நடக்கவிடுங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கேள்வி: அரசியல் கொலைக்குப் பின் அனுதாப அலை வந்தே தீருமா? தேர்தலைத் தள்ளிவைப்பது சரியா? இறந்தவரின் தொகுதியில் மற்றக் கட்சிகள் போட்டியிடாமல் ஒதுங்குவது சரியா?

பதில்: மூன்று கேள்விகளை ஒன்றாக அனுப்பியிருக்கிறீர்கள். அனுதாப அலை என்ற எண்ணம் நமக்குள் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு 1984 முக்கியமான காரணம். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார்; டிசம்பர் தேர்தலில் காங்கிரஸ் 400 இடங்களைத் தாண்டியது. ஆனால் 2003இல் சுவீடனில் நடந்ததைப் பாருங்கள். யூரோ நாணயத்தை ஏற்பதா என்ற பொதுவாக்கெடுப்புக்கு நான்கு நாட்களே இருந்தபோது, ஏற்க வேண்டும் என்ற பிரசாரத்தின் முகமாக விளங்கிய வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட், மெய்க்காவலர் இல்லாமல் ஸ்டாக்ஹோமில் கடைக்குப் போன இடத்தில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். நாடே மலர்க்கொத்துகளோடு வீதிக்கு வந்தது. வாக்கெடுப்பு குறித்த நாளிலேயே நடந்தது; அனுதாபம் அவர் பக்கத்துக்குக் கைகொடுக்கும் என்று கணித்தவர்கள் ஏமாந்தார்கள். 55.9 சதவீதம் பேர் யூரோ வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அவருக்காக அழுதவர்களிலேயே பலர் அவருடைய கருத்துக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள். இதில் எந்த முரண்பாடும் இல்லை; முதிர்ச்சியான குடிமக்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

தள்ளிவைப்பதைப் பொறுத்தவரை, பிரசாரத்தை ஓரிரு நாள் நிறுத்தலாம், வாக்குப்பதிவை முடிந்தவரை நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. 2015 அக்டோபர் 17 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர மேயர் வேட்பாளர் ஹென்ரியட் ரேக்கர், அகதிகளுக்கு ஆதரவாகச் செயல்பட்டதற்காகக் கழுத்தில் குத்தப்பட்டார். மறுநாள் தேர்தல் நடந்தது. அவர் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்த வேளையில் 52 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளோடு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கத்தியை எடுத்தவன் தடுக்க நினைத்தது நடந்தே முடிந்துவிட்டது.

ஒதுங்கி நிற்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஜோ காக்ஸின் தொகுதியில் பெரிய கட்சிகள் போட்டியிடவில்லை. அந்த மரியாதையை மக்களும் வரவேற்றார்கள். 2021 அக்டோபரில் தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியிலேயே கொல்லப்பட்ட டேவிட் அமெஸின் தொகுதியிலும் அதையே செய்தார்கள். ஆனால் அந்த இடைத்தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 24 சதவீதம் பேர் மட்டுமே, 1,000க்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் செல்லாதவையாகின. போட்டி இல்லாத தேர்தலில் வாக்காளருக்கு வேலை இல்லை. பதவி, தேர்தலில் வென்று பெறுவது; கொலையாளியின் செயலால் ஒரு கட்சிக்குச் சொந்தமாகிவிடுவது அல்ல. இறந்தவரின் கட்சி வெல்ல வேண்டும் என்று மக்கள் விரும்பினால், அதை அவர்களே வாக்களித்துச் சொல்லட்டும். ஜோ காக்ஸின் தங்கை கிம் லெட்பீட்டர் 2021இல் அதே தொகுதியில் எல்லாக் கட்சிகளையும் எதிர்த்து நின்று, வெறும் 323 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றியைக் குறை சொல்ல எவராலும் முடியாது.

கேள்வி: ஜப்பானில் ஷின்சோ அபேயைக் கொன்றவனுக்கு மக்கள் பலர் இரக்கம் காட்டினார்கள். அவனுடைய குறை உண்மையானது. அந்தக் கொலைக்குப் பிறகுதான் சட்டமே வந்தது. அப்படியென்றால் வன்முறை பலன் தந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: வந்த கேள்விகளில் மிகவும் சங்கடமானது இதுதான். சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

2022 ஜூலை 8 அன்று நாரா நகரில், பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினரும் முன்னாள் பிரதமருமான அபே, தேர்தல் பிரசாரத்தின்போது வீட்டில் செய்த துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். சுட்டவனின் தாய், யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குச் சுமார் 10 கோடி யென் நன்கொடை கொடுத்துக் குடும்பத்தையே திவாலாக்கியிருந்தார். அந்த அமைப்போடு அபேக்குத் தொடர்பு இருப்பதாக நினைத்ததால் அவரைக் குறிவைத்ததாக அவன் சொன்னான். முதல் சில நாட்கள் நாடு அதிர்ச்சியில் உறைந்திருந்தது. விவரங்கள் வெளிவர வெளிவர, கோபத்தின் திசை மாறியது. ஆளுங்கட்சி தானே எடுத்த கணக்கில், அதன் 379 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 179 பேருக்கு அந்த அமைப்போடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது தெரியவந்தது. செப்டம்பரில் அபேக்கு அரசு மரியாதையோடு நடந்த இறுதி நிகழ்ச்சியைக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். சிறையில் இருந்தவனுக்குப் பணமும் உடையும் உணவும் அனுப்பியவர்கள் இருந்தார்கள். டிசம்பரில் மிரட்டி நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் அந்த அமைப்பைக் கலைக்கும்படி டோக்கியோ நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆம், விளைவு ஏற்பட்டது. இல்லை என்று வாதிட்டால் வாசகர்கள் என்னை நம்பமாட்டார்கள். ஆனால் இந்த அமைப்பிடம் ஏமாந்தவர்களுக்காக வழக்கறிஞர்கள் குழு ஒன்று 1987 முதல் நீதிமன்றங்களில் போராடி வந்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர்கள் சொன்னதைத்தான் 2022இல் நாடாளுமன்றம் புதிதாகக் கேட்பது போல் கேட்டது. சட்டம் எழுதத் தேவையான சான்றுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அந்த வழக்கறிஞர்கள். துப்பாக்கியால் ஒரு பத்திகூட எழுதப்படவில்லை. இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள், அமைதியான குரலுக்குக் காது கொடுக்காத அரசியல்வாதிகளும் ஊடகங்களும்.

குறை உண்மையானது என்று ஒப்புக்கொள்வதும், கொலையாளியைக் குறையின் பிரதிநிதியாக ஏற்பதும் வேறுவேறு. அவனுடைய தாயைப் போன்ற தாய்மார்களால் அதே வறுமையில் தள்ளப்பட்ட பிள்ளைகள் பலர் ஜப்பானில் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை. இரக்கத்தோடு பணம் அனுப்ப விரும்பியவர்களுக்கு அனுப்ப இடம் இருந்தது. ஒன்பது மாதங்களில், 2023 ஏப்ரல் 15 அன்று, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த பிரதமர் கிஷிதாவை நோக்கி இன்னொரு இளைஞன் வெடிகுண்டு வீசினான். முதலாவதைப் பார்த்துத்தான் இரண்டாவது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொலையாளிக்குப் பார்சல் அனுப்பும் சமூகம், அடுத்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: மக்களில் பெரும் பகுதியினர் அரசியல் வன்முறையை ஆதரிக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்கின்றனவே?

பதில்: அந்தத் தலைப்புச் செய்திகளைச் சற்று சந்தேகத்தோடு படியுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் 2022இல் வெளியான ஒரு ஆய்வு, ‘வன்முறை’ என்றால் என்ன என்று விளக்காமல் கேட்பதாலும், கவனமின்றிப் பதிலளிப்பவர்களையும் கணக்கில் சேர்ப்பதாலும் ஆதரவு மிகையாகத் தெரிகிறது என்று காட்டியது. குறிப்பிட்ட ஒரு தாக்குதலை விவரித்துக் கேட்டால், தாக்கியவன் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவன்மீது வழக்குத் தொடர வேண்டும் என்றே ஏறத்தாழ எல்லோரும் சொன்னார்கள். அதே ஆண்டில் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பின் வன்முறை ஆதரவைப் பல மடங்கு கூடுதலாக மதிப்பிடுகிறது என்றும், உண்மையான அளவைச் சொன்னதும் தங்கள் சொந்த ஆதரவும் குறைகிறது என்றும் கண்டறிந்தது. எதிர்த்தரப்பில் ஒருவர் போட்ட அருவருப்பான பதிவை ‘பார், இவர்கள் எல்லோரும் இப்படித்தான்’ என்று நாம் பரப்பும்போது, அந்தப் பயத்துக்குத்தான் தீனி போடுகிறோம்.

கேள்வி: கொலையைக் கண்டித்து மெழுகுவர்த்தி ஏந்துவதாலும் ஊர்வலம் போவதாலும் என்ன பயன்? துப்பாக்கி வைத்திருப்பவன் இதையெல்லாம் பார்த்தா பயப்படுவான்?

பதில்: உடனே பயப்படமாட்டான். ஸ்பெயினில் பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ‘எட்டா’ அமைப்பும் கொலைகளை உடனே நிறுத்தவில்லை. ஆனாலும் எர்முவாவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எர்முவா, பாஸ்க் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரம். அதன் நகர்மன்ற உறுப்பினர் மிகேல் ஆங்கெல் பிளாங்கோவுக்கு 29 வயது. பொருளாதாரம் படித்தவர், ஓய்வு நேரத்தில் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். 1997 ஜூலை 10 அன்று எட்டா அமைப்பினர் அவரைக் கடத்தி, சிறையில் உள்ள தங்கள் ஆட்களையெல்லாம் 48 மணி நேரத்துக்குள் பாஸ்க் பகுதிச் சிறைகளுக்கு மாற்றாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று கெடு விதித்தார்கள். அந்த இரண்டு நாட்களில் ஸ்பெயின் முழுவதும் பல லட்சம் மக்கள் வீதியில் நின்றார்கள். கெடு முடிந்ததும் பிளாங்கோவைத் தலையில் சுட்டுப் போட்டார்கள். மறுநாள் அதிகாலை இறந்தார்.

அதுவரை பாஸ்க் பகுதியில் பெரும்பாலோர் பயந்து வாய்மூடி இருந்தவர்கள். போலீஸ்காரர்களே எட்டாவின் பழிவாங்கலுக்கு அஞ்சி முகமூடி அணிந்துதான் பணியாற்றுவார்கள். அன்று எட்டாவின் அரசியல் பிரிவு அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டு, கைகளைப் பிடரியில் வைத்து மண்டியிட்டு, ‘இதோ என் கழுத்து’ என்று முழங்கியபோது, காவலுக்கு நின்ற பாஸ்க் போலீஸ்காரர்கள் சிலர் முகமூடியைக் கழற்றினார்கள். மக்கள் ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எர்முவாவில் நடந்த இன்னொரு காட்சி. கோபம் கொண்ட கூட்டம் அதே அரசியல் பிரிவின் உள்ளூர் அலுவலகத்துக்குத் தீ வைத்தது. நகர மேயர் கார்லோஸ் டோட்டோரிகா ஒரு தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தீயை அணைத்தார். அவர் சோஷலிஸ்ட், இறந்த பிளாங்கோ வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்தவர். வேறு கட்சியைச் சேர்ந்த சக உறுப்பினரின் சாவுக்காகத் தன் நகரத்தையே வீதிக்கு அழைத்த மனிதர், கொலையாளிகளின் அரசியல் ஆதரவாளர்களின் கட்டடம் எரிவதைத் தடுத்தார். அன்று அவரை யாரும் கோழை என்று சொல்லத் துணியவில்லை.

எதிர்த்துருவத்தில் நிற்பது 1984 நவம்பர் டெல்லி. பிரதமரைச் சுட்டவர்கள் சீக்கியர்கள் என்பதற்காக, அதில் எந்தப் பங்கும் இல்லாத சீக்கியர்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். அரசின் கணக்கிலேயே டெல்லியில் மட்டும் 2,733 பேர். தடுக்க வேண்டியவர்கள் பலர் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் முன்நின்று நடத்தினார்கள் என்று விசாரணைகளில் வெளிவந்தது.

எட்டா அதற்குப் பிறகும் நகர்மன்ற உறுப்பினர்களைக் கொன்றது. ஆயுதப் போராட்டத்தைக் கைவிடுவதாக அது அறிவித்தது 2011இல்தான். இடையில் போலீஸ் நடவடிக்கை, நீதிமன்றத் தடைகள், பிரான்சின் ஒத்துழைப்பு என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆனால் ‘நாங்கள் மக்களுக்காகச் செய்கிறோம்’ என்று சொல்லும் வாய்ப்பை அந்த ஜூலை மாதம் அவர்களிடமிருந்து பறித்துவிட்டது. மெழுகுவர்த்தியின் பயன் அவ்வளவுதான். அது சிறிதல்ல என்பது என் எண்ணம்.

கேள்வி: பெரிய தலைவர்களுக்குப் படை படையாகப் பாதுகாப்பு இருக்கிறது. நம் அனுதாபம் அவர்களுக்கு எதற்கு?

பதில்: பாதுகாப்பு இருப்பவர்களைப் பற்றி நானும் அதிகம் கவலைப்படவில்லை. பிரான்சில் கடலோரச் சிறு நகரமான சென்-பிரெவென்-லெ-பென்னின் மேயர் யானிக் மொரெஸ் தொழிலால் மருத்துவர். அகதிகள் தங்கும் விடுதி ஒன்றை எதிர்த்தவர்களிடமிருந்து மிரட்டல்கள் வந்தபடி இருந்தன. 2023 மார்ச்சில் ஒரு விடியற்காலை அவருடைய வீட்டுக்கும் கார்களுக்கும் தீ வைக்கப்பட்டது. போதுமான ஆதரவு கிடைக்கவில்லை என்று சொல்லி மே மாதத்தில் பதவி விலகி, ஊரைவிட்டும் வெளியேறினார். அதற்குப் பிறகுதான் நாடு விழித்துக்கொண்டது. 2024 மார்ச்சில், உள்ளூர்ப் பிரதிநிதிகளைத் தாக்குவோருக்குக் காவல் துறையினரைத் தாக்கியதற்கு இணையான தண்டனை என்று சட்டம் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் காவல் துறை 2024இல் உறுப்பினர்களுக்கு எதிரான 9,474 மிரட்டல்களையும் கவலை தரும் பேச்சுகளையும் விசாரித்தது. 2017இல் அது 4,000க்கும் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை செய்தியாவதே இல்லை. அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிற ஆசிரியையோ வியாபாரியோ செவிலியரோ வேண்டாம் என்று முடிவு செய்யும்போது, அதற்கு இரங்கல் கூட்டம் எதுவும் நடப்பதில்லை.

கேள்வி: தாக்குதல் காட்சி என் கைப்பேசிக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்களே எடுத்த காணொளி என்றால், வெட்டாமல் ஒட்டாமல் விசாரணை அதிகாரிகளிடம் கொடுங்கள், அது சான்று. யாரோ அனுப்பியது என்றால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். இறந்தவரின் பிள்ளைகளும் கைப்பேசி வைத்திருப்பார்கள்.